வாணம் பார்க்க ஓர் இடம்

ஓசூர்ப் பொருட்காட்சி மைதானத்தில் ராட்டினத்துக்குக் குழி தோண்டுகிறார்கள் என்று தெரிந்ததும் கெம்பம்மாவைத் தேடி ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். தை மாதம், பனிக்காலம். மத்திகிரியில் ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. வருகிறவர்களின் வீட்டில் நடக்க முடியாத ஒருவர் இருப்பார். மிஷினில் கால் போனவர், லாரி ஏறிக் கால் நசுங்கியவர், இளம்பிள்ளை வாதம் வந்த பிள்ளை. அவர்கள் கேட்பது ஒன்றுதான். பொருட்காட்சியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்ந்ததும் வாணம் விடுவார்கள். அப்போது சக்கர நாற்காலியை எங்கே நிறுத்தினால் தெரியும்?

பாகலூரிலிருந்து சரோஜம்மாள் வந்தது தொண்ணூற்று நான்காம் வருடம். மகளுக்கு இரண்டு காலும் சூம்பியிருந்தன. கெம்பம்மா முறத்தில் ராகியைப் புடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"கொட்டாய்க்குள்ள மட்டும் போவாத. யாரு கூப்ட்டாலும் போவாத. மால போட்டுக் கூப்ட்டாலும் போவாத."

"எதுக்குக்கா? அங்கதான சேர் எல்லாம் போட்டிருப்பாங்க?"

"சேர் கீழ இருக்கும். வாணம் கீழயா வெடிக்கும்? மொதல்ல தலைக்கு மேல என்னா இருக்குதுன்னு பாரு. அப்புறம் எதுர்ல எவன் வந்து நிப்பான்னு பாரு. சக்கரம் போற தடத்தக் கடைசியாப் பாத்துக்கோ. எல்லாரும் அதத்தான் மொதல்ல பாக்கறாங்க."

"இதெல்லாம் எப்பிடிக்கா கண்டுபுடிச்ச?"

"தப்புத் தப்பாப் பாத்துத்தான்."

லாரி எடை போடும் நாராயணப்பனின் எடைமேடைக்குப் போகும் வழியை மட்டும் விளக்கிவிட்டு உமியை ஊதித் தள்ளினாள். அவள் புருஷன் திம்மராயன் இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கெம்பம்மா பாகலூருக்கு அந்தப்பக்கம், கர்நாடக எல்லையை ஒட்டிய கிராமத்தில் கூலிக் குடும்பத்தில் பிறந்தவள். எந்த வீட்டு வயலில் களை எடுக்கிறார்களோ அந்த வீட்டு மொழியில் பேசிக் கன்னடமும் தெலுங்கும் தமிழும் வந்துவிட்டன. எழுபதுகளில் ஓசூரைச் சுற்றி ஒவ்வொரு கம்பெனியாக எழும்பியபோது திம்மராயன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஷெட்டுகளுக்குக் கூரை போடும் கூட்டத்தில் சேர்ந்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மேலே ஏற்றி, இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கும் வேலை. கல்யாணமான பிறகு இருவரும் மத்திகிரிக்குக் குடிவந்தார்கள். அவளுக்கு ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. பிள்ளை இல்லை.

கூரை வேலைக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. போல்ட் வரிசை மேல்தான் கால் வைக்க வேண்டும். வரிசைக்குக் கீழே இரும்பு இருக்கும். இரண்டு வரிசைக்கு நடுவில் வெறும் ஷீட்தான். அது ஆளைத் தாங்காது. அதனால் மேலே ஏறியவன் எப்போதும் தன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். வருடத்தில் ஒரு சாயங்காலம் மட்டும் அதற்கு விலக்கு. பொருட்காட்சி வாணம் விடும் நாளில் கூட்டத்தோடு ஏதாவது ஒரு ஷெட் மேல் ஏறி, போல்ட் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். திம்மராயன் திரும்பி வந்து கெம்பம்மாவிடம் சொல்வான். "மேல இருந்து பாத்தா கண்ணுக்கு நேரா வெடிக்கும் புள்ள. கைய நீட்டினா சுட்டுரும்போல." அவள் அதைப் பார்த்ததில்லை. பெண்ணைக் கூரை மேல் யார் ஏற்றுவார்கள்?

எண்பத்தொன்றில், மழை விட்ட ஒரு காலையில், பழைய ஷெட்டில் விரிசல் விட்ட ஷீட்டை மாற்றப் போனவன் கைநழுவிய ஸ்பானரைப் பிடிக்க வரிசையை விட்டு ஒரு அடி விலகினான். உயிர் பிழைத்தான். பெங்களூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. குளிப்பாட்டும்போது தண்ணீரின் சூட்டைக் கெம்பம்மா தன் முழங்கையில் விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவாள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாலும் அவனுக்குத் தெரியாது.

நாள் போகப் போக மேல்பாதியும் அப்படி ஆகிவிட்டதோ என்று அவளுக்குத் தோன்றியது. சோறு வைத்தால் தின்பான். தலையணையை உயர்த்தினால் உயர்த்தியபடி இருப்பான். எதையும் கேட்க மாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கெம்பம்மா வேண்டுமென்றே களி கிண்டாமல் இருந்தாள். மதியம் ஆயிற்று. பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனை உள்ளே வந்தது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"மாமா, பசிக்கலியா?"

"குடுத்தாத் தின்றேன்."

அதற்கப்புறம் அவள் அந்தச் சோதனையைச் செய்யவில்லை. அவளுக்கும் அழுகை வரவில்லை. கேன்டீனில் சாம்பார் அண்டாவைத் தேய்க்கும்போது மட்டும் கை நிற்காமல் தேய்க்கும். அண்டா வெளுத்த பிறகும் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

எண்பத்து மூன்று தை மாதம், ஒரு சாயங்காலம், அவள் அவனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். ஓசூர்ப் பக்கமிருந்து முதல் வேட்டுச் சத்தம் வந்து கூரை ஷீட் அதிர்ந்தது. இரண்டாவது வேட்டுக்குத் திம்மராயன் முகத்தைச் சுவரிலிருந்து திருப்பினான்.

"வாணம் வுடறாங்க."

"ஆமா."

"ஒருவாட்டி பாக்கணும்."

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் வேண்டும் என்று சொன்ன முதல் வார்த்தை அது. இதைக் கொடுத்துவிட்டால் அடுத்து ஒன்றைக் கேட்பான் என்று அவள் நினைத்தாள். அடுத்து ஒன்று, அதற்கடுத்து ஒன்று. கேட்கிற ஆளாக அவன் திரும்பி வந்தால் போதும். நடக்க வேண்டாம்.

அவனோடு கூரை வேலை பார்த்த வெல்டர் சென்னகிருஷ்ணன் நாற்காலியைச் செய்து கொடுத்தான். ஆபீஸ் இரும்பு நாற்காலியில் இரண்டு பக்கமும் சைக்கிள் சக்கரம், முன்னால் கம்பெனித் தள்ளுவண்டியிலிருந்து கழற்றிய சின்னச் சக்கரம் இரண்டு. சிமெண்டுத் தரையில் நன்றாக ஓடியது. மணலைக் கண்டால் முன்சக்கரம் புதைந்துகொள்ளும்.

அடுத்த வருடம் பொருட்காட்சி முடிய ஒரு வாரம் இருக்கும்போது கெம்பம்மா வெறும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். வெறும் நாற்காலி துள்ளுகிறது என்று கேன்டீன் உருளைக்கிழங்கு மூட்டையை அதில் ஏற்றி, விழாமல் கயிறு கட்டியிருந்தாள். அப்பளக் கடைக்காரன் சிரித்தான்.

"என்னாம்மா, உருளக்கெழங்குக்கு ராட்டினம் காட்டக் கூட்டிட்டு வந்தியா?"

"ஆமா. அதுக்கும் ஆசை இருக்காதா?"

அவள் தரையை மட்டுமே பார்த்தாள். எங்கே மரத்தூள் கொட்டியிருக்கிறது, எங்கே மின்சார ஒயர் குறுக்கே போகிறது, சாக்கடை மேல் போட்ட பலகை அகலம் போதுமா. மரணக் கிணற்றுக்குப் பின்னால் மணல் அதிகம், அந்த வழி வேண்டாம். மிட்டாய்க் கடை வரிசை வழியாகப் போனால் கல் மட்டும்தான், தள்ளிவிடலாம். வீட்டுக்கு வந்து புருஷனிடம் வழி முழுவதையும் சொன்னாள். அவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினான். தலைக்கு மேலே என்ன இருக்கும் என்று அவனும் கேட்கவில்லை. அவன் ஆயுசில் வாணம் பார்த்தபோதெல்லாம் அவன் தலைக்கு மேல் ஒன்றுமே இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டில் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பிய டெம்போவில், காலிப் பெட்டிகளுக்கு நடுவில் நாற்காலியோடு அவனை ஏற்றிச் சென்னகிருஷ்ணன் கொண்டுவந்து இறக்கினான். வழி சரியாகவே இருந்தது. மைதானத்து நிகழ்ச்சி மேடைக்கு எதிரே திறந்த இடத்தில் நாற்காலியை நிறுத்தியபோது, சட்டையில் ரிப்பன் குத்திய ஒரு பெரியவர் ஓடி வந்தார்.

"ஐயய்யோ, இவர எதுக்கும்மா பனியில நிறுத்தியிருக்கீங்க? மார்ல சளி கட்டிக்கும். உள்ள வாங்க, உள்ள வாங்க."

"பரவால்லீங்க, இங்கயே..."

"என்னா பரவால்ல? மனுசங்கன்னு நாங்க எதுக்கு இருக்கறோம்?"

அவரே நாற்காலியைப் பிடித்துத் தள்ளினார். ஷாமியானாக் கொட்டகையின் கீழே, தொழிலதிபர்களும் அதிகாரிகளும் உட்கார்ந்திருந்த முதல் வரிசைக்கு ஓரமாக நிறுத்தினார். தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் திம்மராயன் தலையைச் சுற்றிக் கட்டினார். ஒருவர் டீ கொண்டுவந்து கொடுத்தார். கெம்பம்மாவுக்கு உட்கார நாற்காலி கிடைத்தது. அப்படி ஒரு மரியாதை அவர்களுக்கு எங்கும் நடந்ததில்லை. இடம் நன்றாக அமைந்துவிட்டது என்றே அவள் நினைத்தாள்.

முதல் வேட்டு வெடித்தது. முதல் வரிசைக்காரர்கள் எழுந்து வெளியே ஓடினார்கள். பின்வரிசையும் ஓடியது. மடக்கு நாற்காலிகள் நாலா பக்கமும் சாய்ந்து விழுந்தன. தள்ளிக்கொண்டு போக வழியில்லாமல் ஷாமியானாவுக்குக் கீழே இருவர் மட்டும் மிஞ்சினார்கள். மேலே துணி சிவப்பானது, பச்சையானது, மறுபடி இருண்டது. வெளியே கூட்டம் "ஓ" என்று கத்தும்போதெல்லாம் துணியின் நிறம் மாறியது. கெம்பம்மா நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பாதி ஒதுக்குவதற்குள் முடிந்துவிட்டது.

"அந்தக் கிழிசல்ல கொஞ்சம் தெரிஞ்சிது," என்றான் திம்மராயன். துணியில் உள்ளங்கை அகலம் ஒரு கிழிசல் இருந்தது. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியவர் சால்வையை வாங்க வந்தார். "எப்பிடி, நல்லாப் பாத்தீங்களா?" என்றார். கெம்பம்மா "ஆமாங்க" என்றாள்.

இரண்டாம் வருடம் அவள் வெட்டவெளியைத் தேர்ந்தெடுத்தாள். மேலே ஒயர் கூட இல்லாத இடம். முன்னால் குடும்பம் குடும்பமாகத் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் நாற்காலியிலிருந்து நன்றாகத் தெரியும். ரிப்பன் குத்திய ஆள் யாராவது வருகிறாரா என்று மட்டும் அவள் கவனித்துக்கொண்டிருந்தாள்.

முதல் வேட்டுக்கு உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. வாணத்துக்கு எழுந்து நிற்பது அவர்களுக்குத் தேருக்கு எழுந்து நிற்பதுபோலத்தான். யாரும் யோசித்துச் செய்வதில்லை. திம்மராயன் முன்னால் வேட்டியும் சேலையுமாக ஒரு சுவர். ஒருவன் மகளைத் தூக்கித் தோளில் வைத்தான்.

"உக்காருங்க, ஐயா, உக்காருங்க! பின்னால ஆளு இருக்குது!" என்று கெம்பம்மா கத்தினாள்.

திரும்பிப் பார்த்த ஒருவனுக்கு மனசு இளகிவிட்டது. "அடடா, பாவம்டா. டேய், புடிங்கடா. சாமி தூக்கற மாதிரி தூக்கிடலாம்!"

பல்லக்குத் தூக்கிப் பழகிய தோள்கள். நாலு பேர் குனிந்து நாற்காலியின் காலைப் பிடித்து ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றினார்கள். யாரோ "கோவிந்தா!" என்றார்கள். கூட்டம் சிரித்துத் திருப்பிச் சொன்னது. வாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

"எறக்குங்க," என்றான் திம்மராயன். வெடிச் சத்தத்தில் அது தோளில் சுமந்தவர்களுக்குக் கேட்கவில்லை. கெம்பம்மாவுக்கு உதட்டசைவில் தெரிந்தது. அவன் இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ஷெட்டிலிருந்து விழுந்த பிறகு அவன் கட்டில் உயரத்துக்கு மேல் போனதே இல்லை. அவள் கீழேயிருந்து தொங்குகிற அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு "எறக்குங்க, எறக்குங்க" என்றாள். "பாக்கட்டும்மா, எங்களுக்கு ஒண்ணும் வலிக்கல" என்று ஒருவன் சந்தோஷமாகச் சொன்னான். கடைசி வாணம் வரைக்கும் சுமந்தார்கள்.

வீட்டில் இறக்கிப் படுக்கவைத்தபோதுதான் அவள் பார்த்தாள். நாற்காலித் தகடு கெண்டைக்காலைக் கிழித்திருந்தது. ரத்தம் பாதம் வரை காய்ந்திருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் புண் ஆற மழைக்காலம் வந்துவிட்டது.

புண்ணுக்குக் கட்டுப் போடும்போது ஒருநாள் அவள் சொன்னாள். "அடுத்த வருசம் வேற எடம் பாக்கறேன் மாமா."

"உன் இஷ்டம்."

'பாக்கணும்' என்று சொன்ன வாய் இப்போது 'உன் இஷ்டம்' என்கிறது. இருந்தது ஒரே ஒரு ஆசை. இரண்டு தரம் அதைத் தூக்கிக்கொண்டு போய் அவளே நசுக்கிவிட்டாள். மூன்றாவது தரமும் தவறினால் அப்புறம் 'குடுத்தாத் தின்றேன்' மட்டும்தான் மிஞ்சும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. மறுநாள் வேலைக்குப் போனாள்.

கேன்டீனுக்கு விறகு வரும் லாரியை எடை போடும்போது கம்பெனி ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும். அந்த மார்கழியில் ஒருநாள் மேஸ்திரி வராததால் கெம்பம்மாவை அனுப்பினார்கள். எடைமேடை பொருட்காட்சி மைதானத்தின் கிழக்குச் சுவரை ஒட்டி லாரிகள் போகும் சாலையின் எதிர்ப்புறத்தில் இருந்தது. லாரி மெல்ல ஏறி நின்றது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து எடைமேடைக்காரர் நாராயணப்பன் அறை ஜன்னலிலிருந்து கத்தினார்.

"ஏ அம்மா, எறங்கு, எறங்கு! மேடை மேல மனுசன் யாரும் இருக்கக் கூடாது. எடை கெட்டுடும்!"

அவள் இறங்கினாள். இறங்கி நின்ற இடத்திலிருந்து மேடையைப் பார்த்தாள். லாரி ஏற இரண்டு பக்கமும் சாய்ந்த சிமெண்டுத் தளம். நடுவில் மட்டமான இரும்புத் தகடு. தரையைவிட முழங்கால் உயரம். அப்புறம் மேலே பார்த்தாள். கூரை இல்லை, மரம் இல்லை, ஒயர் இல்லை. முன்னால் சாலை, சாலைக்கு அப்பால் தாழ்ந்த சுவர், சுவருக்கு அப்பால் மைதானம். தை மாதத்துக் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். புகை இந்தப் பக்கம் வராது. எல்லாவற்றையும்விட, இதன் மேல் எவனும் ஏறி நிற்க மாட்டான். லாரிக்காரனும் சுமைக்காரனும் கீரை விற்கிறவளும்கூட எடைமேடையைச் சுற்றித்தான் போவார்கள். அது இந்த ஊருக்குப் பழகிப்போயிருந்தது.

லாரி இறங்கிப் போன பிறகும் அவள் நின்றாள். நாராயணப்பன் வெளியே வந்தார். கட்டையான ஆள், காதில் பென்சில்.

"ஏமம்மா, ஏம் காவாலி?" என்றார், என்ன வேண்டும் என்று.

அவள் தெலுங்கிலேயே ஆரம்பித்தாள். தெலுங்கு கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் விஷயத்தைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"உன் புருசன எடைமேடை மேல ஏத்தணுமா? என்னா, துலாபாரம் குடுக்கப் போறியா? எதுர்ல தக்காளி வெக்கட்டுமா?"

"வாணம் பாக்கணும்ங்கறாரு."

"வாணத்துக்கு மைதானம் இருக்குது. மைதானத்துல எடம் இல்லியா?"

"ரெண்டு வருசம் போனோம். ஒரு வருசம் துணியப் பாத்தாரு. ஒரு வருசம் கண்ண மூடிக்கிட்டாரு."

நாராயணப்பன் பென்சிலை எடுத்து மறுகாதில் செருகினார்.

"ஞாயித்துக்கெழம நான் கடை தெறக்கறதில்ல."

"தெறக்க வேணாம். மேடை வெளியதான இருக்குது?"

"பலே ஆளு நீ." அவர் தகட்டைக் காலால் தட்டிப் பார்த்தார். "தராசப் பூட்டி வெச்சிட்டா ஒண்ணும் ஆவாது. ஆனா நான் வரணும். நான் இல்லாம எவனாவது லாரிய ஏத்திட்டான்னா உன் புருசன் கதி?"

"வாங்களேன். நீங்களும் பாக்கலாம்."

"நான் பன்னெண்டு வருசமா இங்கருந்துதான் பாக்கறேன்," என்றார் நாராயணப்பன். "ஒருத்தருக்கும் சொன்னதில்ல."

பொருட்காட்சியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை டெம்போ நேராக எடைமேடை அருகே வந்து நின்றது. சென்னகிருஷ்ணன் திம்மராயனை இறக்கி நாற்காலியில் வைத்தான். கெம்பம்மா ஒருத்தியே சாய்தளத்தில் தள்ளி ஏற்றிவிட்டாள். இரும்புத் தகட்டில் முன்சக்கரம் மெல்லிய சத்தத்தோடு உருண்டது. நடுவில் நிறுத்தி, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தாள். கால்களைக் கம்பளியால் சுற்றி, தகடு படாமல் சாக்கை மடித்துச் செருகினாள். தலையில் ஒன்றும் கட்டவில்லை.

"எந்த எடம் இது?" என்றான் திம்மராயன்.

"லாரி நிறுக்கற எடம்."

சுவருக்கு அப்பால் ராட்டினத்தின் விளக்குகள் சுற்றிக்கொண்டிருந்தன. கூட்டத்தின் இரைச்சல் வந்தது, கூட்டம் வரவில்லை. நாராயணப்பன் தராசைப் பூட்டிவிட்டு அறைப் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

ஒலிபெருக்கியில் வாணம் ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னபோது, சாலையில் ஒரு லாரி திரும்பியது. கருங்கல் ஏற்றிய லாரி. இரண்டு விளக்கும் மேடை மேல் விழுந்தன. டிரைவர் ஹாரனை அழுத்தினான்.

கெம்பம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். கீழே இறக்கினால் மறுபடி ஏற்ற நேரம் இருக்காது. நாராயணப்பன் கையை ஆட்டிக்கொண்டு ஓடினார்.

"இன்னிக்கு லீவுப்பா! ஞாயித்துக்கெழம!"

"லீவா? மேடை மேல லோடு நிக்குது, லீவுங்கற?" டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "யாருண்ணா அது? என்னா, ஆள நிறுத்துக்கிட்டிருக்கறீங்களா? எத்தினி கிலோ?"

நாராயணப்பன் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"பாதிதான் வரும். மீதி கணக்குல ஏறாது."

டிரைவர் இன்னும் கொஞ்சம் எக்கினான். கம்பளியையும் சக்கரத்தையும் பார்த்திருப்பான். விளக்கை அணைத்தான். இன்ஜினையும் அணைத்தான். "பாருங்கண்ணா, பாருங்க. கல்லு எங்கயும் ஓடிடாது," என்று சொல்லிவிட்டு ஏறி வண்டியின் தலைமேல் உட்கார்ந்தான்.

கெம்பம்மா கைப்பிடியை விடவில்லை. விழுந்த பிறகு இத்தனை வருடத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் அவன் பேசி அவள் கேட்டதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வான், அவ்வளவுதான். இது அவனாகச் சொன்னது.

வேட்டு வெடித்தது. அவர்கள் முன்னால் எழுந்து நிற்க யாரும் இல்லை.

வாணம் சுவருக்கு மேல் கோடாக ஏறி விரிந்தது. சிவப்பு, அப்புறம் பச்சை, அப்புறம் வெள்ளைப் பொறியாக இறங்கியது. கெம்பம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று புருஷன் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் சிவப்பு விழுந்தது, பச்சை விழுந்தது. கண் திறந்திருந்தது. வாய் மூடியிருந்தது. அவள் இன்னும் உற்றுப் பார்த்தாள். வேறு எதுவும் தெரியவில்லை. அடுத்த வாணத்துக்கும் அவள் அங்கேதான் பார்த்தாள்.

"என் மூஞ்சில என்னா வெடிக்குதா?" என்றான் அவன். "மேல பாரு."

அவள் மேலே பார்த்தாள். அவள் ஆயுசில் முதன்முதலாக முழுசாக ஒரு வாணத்தைப் பார்த்தாள். கழுத்து வலித்தது. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நெருப்பு மேலே போகிறது, பிரிகிறது, அணைகிறது. இதற்குத்தான் மூன்று வருடம் தரையைப் பார்த்து நடந்தோம் என்று நினைத்தாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் ஒரே சமயத்தில் ஏழெட்டு ஏறி, மைதானமும் சாலையும் லாரியும் பகல்போலத் தெரிந்து, மறுபடி இருட்டாயிற்று. காலுக்குக் கீழே இரும்புத் தகடு அதிர்ந்து ஓய்ந்தது.

"கூரை மேல இருந்து பாத்தா கண்ணுக்கு நேரா இருக்கும்," என்றான் திம்மராயன். "இங்க தலைமேல வுழற மாதிரி இருக்குது."

"நல்லா இல்லியா?"

"இப்பிடியும் இருக்குதுன்னு சொல்றேன்."

கூட்டம் மைதானத்தின் வாசல் வழியாகச் சாலைக்கு வந்துகொண்டிருந்தது. டெம்போ நகர இன்னும் நேரமாகும். நாராயணப்பன் தராசைத் திறக்க அறைக்குள் போனார். கெம்பம்மா சக்கரத்தின் கற்களை எடுத்தாள். நாற்காலியைச் சாய்தளத்தில் பின்பக்கமாக இறக்கி ஓரமாக நிறுத்தினாள். கருங்கல் லாரி மேடை மேல் ஏறியது.

"கெம்பி."

"என்னா மாமா?"

"வேர்க்கடல வறுக்கற வாசன வருது."

அவள் அவன் காலில் கம்பளியை மெல்லச் சரிசெய்தாள். அவசரப்பட்டால் கெட்டுவிடும்போல் இருந்தது.

"வாங்கிட்டு வாயேன்," என்றான்.

கடலை வண்டிக்காரன் மைதானத்து வாசலில் இருந்தான். கெம்பம்மா வெளியே வருகிற கூட்டத்துக்கு எதிராக நடந்தாள். தோள்கள் இடித்தன. ஒருத்தி "கண்ணு தெரியல?" என்று திட்டினாள். காகிதப் பொட்டலம் கையில் சுட்டது. சேலை முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

திம்மராயன் ஒரு கடலையை நசுக்கி, தோலை ஊதி, வாயில் போட்டான். மென்றான். இன்னொன்று போட்டான்.

"உப்பு பத்தல," என்றான்.

கெம்பம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மறுபடி கூட்டத்துக்குள் போனாள்.